பொட்டக்காட்டுல பறவை பாக்க ஆரம்பிக்கிறது எப்படி?

பறவை பாக்க ஆரம்பிக்கணும்னு யாராவது கேட்டா போதும், வால்பாறை போங்க, கேரளாவுல தட்டேக்காடு போங்க, பெரிய லென்ஸ் வாங்குங்கன்னு அட்வைஸ் வந்து குவியும். கோவில்பட்டிலயோ விளாத்திகுளத்துலயோ அருப்புக்கோட்டைலயோ முதுகுளத்தூர்லயோ இருக்கிறவங்க அதைக் கேட்டுட்டு, நம்ம ஊர்ல என்னத்த இருக்கு, வேலிக்காத்தானும் காக்காவும் தானன்னு விட்டுருவாங்க. எனக்குத் தெரிஞ்சு புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மழைக்காடு தான் ரொம்பக் கஷ்டமான இடம். அங்க எங்கயோ உசரத்துல இலைக்குள்ள ஒரு சத்தம் கேக்கும், கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்தா ஒரு வால் மட்டும் தெரியும், அதுவும் போயிரும். நம்ம பொட்டக்காட்டுல பறவைக்கு ஒளியுறதுக்கே இடம் கிடையாது. கரண்டு கம்பி, வேலிக்கல்லு, உடைமரத்து உச்சி, உழுது போட்ட புஞ்சை, கம்மாய்க்கரை, எல்லாம் தொறந்து கிடக்கு. ஒரே பறவைய இருபது நிமிஷம் நின்னு பாக்கலாம். கத்துக்குறதுக்கு அது தான் வேணும்.

நான் சொல்றது எல்லாம் மதுரைக்குத் தெக்க இருக்கிற வறண்ட சமவெளிக்கு. விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம், அப்புறம் நெல்லையோட கிழக்குப் பக்கம். கரிசலும் செவலும் செம்மணல் தேரியும் கம்மாயும் கலந்து கிடக்கிற நாடு. கரூர், பெரம்பலூர் பக்கம் இருக்கிறவங்களுக்கும் முக்கால்வாசி ஒத்துவரும்.

மொதல்ல ஒரு ரோட்டைப் பிடிங்க

இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. வீட்டுலருந்து சீக்கிரமா போற மாதிரி ஒரு கிராமத்து ரோடு தேடுங்க, ஒரு கிலோமீட்டர் போதும், ஓரத்துல கரண்டு கம்பி போகணும், ரெண்டு பக்கமும் புஞ்சையோ தரிசோ இருக்கணும், பக்கத்துல ஊரணியோ ஓடையோ இருந்தா இன்னும் நல்லது. வாரத்துல ரெண்டு மூணு காலைல அதே ரோட்டுல நடங்க. வாராவாரம் புது இடம் தேடி ஓடுறவங்களுக்கு லிஸ்ட் நீளும், பறவை பழகாது. ஒரே ரோட்டுல நடக்கிறவங்களுக்குத் தான் எந்தப் போஸ்டுல எது உக்காரும்னு தெரியும், அப்புறம் புதுசா ஒண்ணு வந்து உக்காந்தா அது தானா கண்ணுல படும்.

நேரம் ரொம்ப முக்கியம். வெளிச்சம் வந்ததுலருந்து எட்டு எட்டரை வரைக்கும் தான் காலைல ஆட்டம். ஒன்பது மணிக்கு மேல நம்ம வெயிலுக்கு கானல் ஆட ஆரம்பிச்சிரும், தூரத்துல இருக்கிறது எல்லாம் நெளியும், பறவையும் நிழலுக்குள்ள போயிரும். சாயங்காலம் நாலரைக்கு மேல மறுபடியும் கிளம்பும். சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நடக்கிற திசைய வச்சுக்கோங்க, எதிர்வெயில்ல பாத்தா எல்லாப் பறவையும் கருப்பாத் தான் தெரியும், அப்புறம் காக்காவுக்கும் குயிலுக்கும் கூட சண்டை வரும்.

சரி, கம்பிய பாருங்க. மொதல்ல தெரியுறது கரிச்சான். இரட்டைவால் குருவி, கருவாட்டுவாலின்னு ஊருக்கு ஊர் பேரு மாறும். உடம்பு பூரா பளபளன்னு கருப்பு, வால் நுனி ரெண்டாப் பிளந்து வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும். ஆடு மாடு மேயுற இடத்துல அதுங்க முதுகுலயே ஏறி உக்காந்து போகும், ஏன்னா காலடி பட்டு கிளம்புற பூச்சி அதுக்கு வேணும். இந்த ஒரு பறவைய மட்டும் ஒரு காலை பூரா பாருங்க. கம்பிலருந்து சறுக்கி இறங்கி பூச்சியப் பிடிச்சுட்டு அதே இடத்துக்கு திரும்பும், தன்னை விட பல மடங்கு பெரிய பருந்தை முதுகுல கொத்தி விரட்டும், சில நேரம் வைரிங்கிற சின்ன வேட்டைப் பறவை கத்துற மாதிரியே கத்தும். அது கூடு கட்டுன மரத்துல புறாவும் வந்து கூடு கட்டுறதைப் பாக்கலாம், காக்கா கிட்ட வராதுல்ல, ஓசிப் பாதுகாப்பு.

அடுத்து பனங்காடை. உக்காந்திருக்கும்போது தலை பெருசா, மண்ணு நிறத்துல, ஒரு களையும் இல்லாம இருக்கும், கண்டுக்காம தாண்டிப் போயிருவீங்க. கிளம்பி பறந்தா ரெக்கைல கருநீலமும் வெளிர் நீலமும் பட்டை பட்டையா விரியும் பாருங்க, பறவை பாக்குறதுல நிறைய பேரு மாட்டுனதே அந்த நிமிஷத்துல தான். பஞ்சுருட்டான் சின்னது, பச்சை, கண்ணு வழியா ஒரு கருப்புக் கோடு, வால் நடுவுலருந்து மெல்லிசா இறகு நீட்டிக்கிட்டு இருக்கும். தேனீயப் பிடிச்சா கம்பில அடிச்சு தேய்ச்சு கொடுக்கை எடுத்துட்டுத் தான் முழுங்கும், அதை ஒரு தடவையாவது நின்னு பாருங்க.

புறா மூணு வகை கம்பில வரும். பின்கழுத்துல அரை வளையமா கருப்புக் கோடு இருந்தா கள்ளிப்புறா. கழுத்துல கருப்பும் வெள்ளையுமா புள்ளி அடர்த்தியா இருந்தா புள்ளிப்புறா. எல்லாத்தையும் விட சின்னதா, செம்பழுப்பா, முன்கழுத்துல கருப்புப் பொட்டு பொட்டா இருந்தா சின்னத் தவிட்டுப்புறா. இந்த மூணையும் கழுத்தைப் பாத்து பிரிக்கப் பழகுனாலே கண்ணு பாதி பழகிருச்சுன்னு அர்த்தம்.

வானத்துல ஒரே இடத்துல ரெக்கைய அடிச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்கிற பறவைய பாத்தா குழம்ப வேண்டாம், நம்ம பக்கம் அப்படி நிக்கிறது பெரும்பாலும் ரெண்டு தான். வெள்ளையும் சாம்பலுமா தோள்பட்டைல கருப்போட இருந்தா கருந்தோள் பருந்து, வருஷம் பூரா இருக்கும், கண்ணு ரத்தச் சிவப்பு. முதுகு செங்கல் நிறத்துல, வால் நீளமா இருந்தா சிவப்பு வல்லூறு, அது பனிக்காலத்துக்கு மட்டும் வர்ற விருந்தாளி.

பேரு தெரியாத பறவைய எப்படிப் பாக்குறது

எல்லாரும் கலரைத் தான் மொதல்ல பாக்குறோம், கலர் தான் அதிகமா ஏமாத்தும், வெளிச்சம் மாறுனா அதுவும் மாறும். நீங்க மொதல்ல சைஸ் பாருங்க. சிட்டுக்குருவி, மைனா, காக்கா, பருந்து, இந்த நாலையும் அளவுகோலா வச்சுக்கோங்க. மைனாவை விட சின்னது, குருவிய விட பெருசு, இப்படி. அப்புறம் மூக்கு: தடிச்சு குட்டையா இருந்தா விதை தின்னி, ஊசியா இருந்தா பூச்சியோ தேனோ, நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தா கறி தின்னி. அப்புறம் என்ன பண்ணுதுன்னு பாருங்க, நடக்குதா தத்துதா, வாலை ஆட்டுதா தூக்கி வைக்குதா, கம்பிலருந்து கீழ இறங்குதா இல்ல காத்துலயே பூச்சி பிடிக்குதா. கலர் கடைசி.

கருஞ்சிட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கோங்க. குருவிய விட கொஞ்சம் பெருசு, கள்ளிக்கிட்டயும் கல்லு மேலயும் உக்காரும், ஆண் கருப்பு, பெண் பழுப்பு. ஆனா ரெண்டும் வாலை செங்குத்தா தூக்கி வச்சுக்கிட்டு நிக்கும், அப்ப வாலுக்கு அடில செம்பழுப்பு தெரியும். அந்த வாலைப் பாத்துட்டா போதும், நூறு அடி தள்ளி நின்னாலும் பேரு சொல்லிரலாம்.

பறவைய பாக்கும்போதே புக்கையோ போனையோ தொறக்காதீங்க. அது இருக்கிற வரைக்கும் அதையே பாருங்க, போனதுக்கு அப்புறம் கையளவு நோட்டுல நாலு வரி எழுதுங்க, படம் வரையத் தெரியாட்டியும் ஒரு முட்டை உருவம் போட்டு எங்க எங்க என்ன கலர்னு அம்புக்குறி போடுங்க. தேதி, நேரம், இடம், எத்தனைன்னு கண்டிப்பா எழுதணும். அதுக்கு அப்புறம் தான் பேரைத் தேடணும்.

பைனாகுலர்

ஒரு மாசம் நடந்தும் ஆசை குறையலைன்னா இப்ப வாங்கலாம். டப்பா மேல 8x42ன்னு போட்டிருக்கும், 8ன்னா எட்டு மடங்கு கிட்ட தெரியும், 42ன்னா முன்பக்க லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல. புதுசா வாங்குறவங்களுக்கு 8x42 தான் என் ஓட்டு. தொறந்த வெளி, தூரமா இருக்கும், அதனால 10 மடங்கு வாங்குன்னு கடைக்காரர் சொல்லுவாரு, கேக்கத் தோணும். ஆனா மடங்கு கூடக் கூட கை நடுக்கமும் கூடத் தெரியும், பாக்குற வட்டமும் சுருங்கும், நம்ம பக்கம் ஆனி ஆடில அடிக்கிற காத்துல 10 மடங்கை கைல பிடிச்சு நிக்கிறது சிரமம். 20x, 50xன்னு ரோட்டோரத்துலயும் ஆன்லைன்லயும் சல்லிசா விக்கிறது எல்லாம் விளையாட்டுச் சாமான், அதுல பாத்தா தலைவலி தான் மிச்சம். காசு இல்லைன்னா நண்பர்கிட்ட இரவல் வாங்குங்க.

வாங்குனதும் செட் பண்ணுங்க, நிறைய பேரு இதைப் பண்ணாமலே வருஷக்கணக்கா மங்கலா பாத்துக்கிட்டு இருக்காங்க. ரெண்டு குழாயையும் மடக்கி விரிச்சு ஒரே வட்டமா தெரியுற அகலத்துக்கு கொண்டு வாங்க. வலது பக்க லென்ஸை மூடிட்டு, ஒரு போர்டு எழுத்தை இடது கண்ணால பாத்து நடுச்சக்கரத்தை திருகி தெளிவாக்குங்க. இப்ப இடதை மூடிட்டு, நடுச்சக்கரத்தைத் தொடாம, வலது கண்ணுக்கிட்ட இருக்கிற சின்ன வளையத்தை மட்டும் திருகி அதே எழுத்தை தெளிவாக்குங்க. அவ்வளவு தான், இனிமே நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போட்டவங்க கண்ணு வைக்கிற ரப்பரை மடக்கி, இல்ல உள்ள திருகி விட்டுட்டு கண்ணாடியோடவே பாக்கலாம்.

பறவைய பைனாகுலருக்குள்ள கொண்டு வர ஒரு பழக்கம் இருக்கு. பறவை மேல வச்ச கண்ணை எடுக்கவே கூடாது, தலையக் குனியக் கூடாது, கை மட்டும் பைனாகுலரை கண்ணுக்குத் தூக்கிட்டு வரணும். வீட்டு மாடில நின்னு எதுத்த வீட்டு ஆன்டெனா, தென்னை நுனி, இப்படி வச்சு பழகுங்க, ஆனா பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பாம இருங்க, ஊர்ப் பேச்சு ஆயிரும். சூரியனை மட்டும் தப்பித்தவறி கூட பாத்துராதீங்க, கண்ணு போயிரும்.

இப்ப தரைய பாருங்க

கம்பி பழகிருச்சுன்னா அடுத்த கிளாஸ் தரிசு நிலம். நம்ம நாட்டோட நிஜமான சொத்து இங்க தான் இருக்கு. ரெவின்யூ ரெக்கார்டுல தரிசு, புறம்போக்குன்னு எழுதி வச்சிருக்கிற பொட்டல், சோலார் பேனல் போடவும் பிளாட் போடவும் தான் லாயக்குன்னு எல்லாரும் நினைக்கிற இடம். ஆனா வானம்பாடியும் கல்குருவியும் கல்கவுதாரியும் அந்தப் பொட்டலை விட்டா வேற எங்கயும் இருக்காது. அங்க பத்தாயிரம் மரக்கன்னு நட்டு காடு ஆக்குறோம்னு கிளம்புனா கூட அதுங்களுக்கு அழிவு தான்.

பொட்டல்ல பாக்குற விதம் வேற. நடந்துக்கிட்டே பாத்தா ஒண்ணும் தெரியாது, எல்லாம் மண்ணு கலர். பத்தடி நடந்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க, மண்ணு அசையுற மாதிரி இருந்தா அங்க பாருங்க. சாம்பல் தலை வானம்பாடி ஆண் பறவைக்கு அடிவயிறு பூரா கருப்பு, தலைல சாம்பல் தொப்பி. அது செங்குத்தா மேல ஏறி, திடீர்னு கல்லு மாதிரி கீழ விழுந்து, தரைல மோதப்போகுதுன்னு நினைக்கும்போது மறுபடி எவ்வி மேல போகும், அப்ப ஒரு நீளமான விசில் கேக்கும். புதர் வானம்பாடி வேற மாதிரி, உடைமரத்து உச்சிலருந்து மேல எழும்பி, ரெக்கைய தூக்கி வச்சுக்கிட்டு காலைத் தொங்கவிட்டு மெதுவா இறங்கி வரும். அதே சைஸ்ல, மெலிஞ்ச உடம்போட, நிமிந்து நின்னு விறுவிறுன்னு ஓடி வாலை மேலயும் கீழயும் ஆட்டுனா அது வானம்பாடி கிடையாது, நெட்டைக்காலி.

கவுதாரி சத்தம் உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும், விடியக்காலைல வேலிக்குள்ள இருந்து வரும். பாக்குறது தான் கஷ்டம், ரோட்டைக் குறுக்க ஓடும்போது பாத்தா உண்டு. கல்கவுதாரி அதோட சொந்தமே கிடையாது, கொஞ்சம் புறா ஜாடை, கூரான ரெக்கை, வேகமா கூட்டமா பறக்கும். காஞ்ச விதைய மட்டும் தின்னுறதால தண்ணி குடிச்சே ஆகணும், சூரியன் ஏறுனதும் குட்டை தேடி வரும், அதனால வெயில் காலத்துல தரிசுக்கு நடுவுல ஒரு குட்டைல தண்ணி கிடந்தா தள்ளி உக்காந்து காத்திருங்க. ஆண் பறவை வயித்து இறகைத் தண்ணில நனைச்சுக்கிட்டுப் போய் குஞ்சுகளுக்கு குடுக்கும். கல்குருவி கிடைச்சா அன்னைக்கு உங்க ராசி. நீளமான வெள்ளைக் கால், கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு, கீழ கருப்புக் கோடு, ஓடும், டக்குனு நிக்கும், குனிஞ்சு கொத்தும், மறுபடி ஓடும்.

ஆள்காட்டிய சொல்லாம இருக்க முடியாது, ஊர்க்காட்டுல ஆக்காட்டின்னு தான் கூப்பிடுவாங்க. ரெண்டு வகை. கண்ணு முன்னால சிவப்புச் சதையோட தண்ணி பக்கம் இருக்கிறது சிவப்பு மூக்கு ஆள்காட்டி, மஞ்சள் சதை தொங்குற, காஞ்ச பொட்டல்ல இருக்கிறது மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. ரெண்டும் கூடுன்னு ஒண்ணு கட்டாது, வெறுந்தரைல சின்னக் குழி, நாலு முட்டை, சுத்திக் கிடக்கிற கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. தலைக்கு மேல சுத்திச் சுத்தி கத்துது, பாஞ்சு பாஞ்சு வருதுன்னா நீங்க முட்டைக்கு கிட்ட நிக்கிறீங்க. எங்க இருக்குன்னு தேடாதீங்க, போட்டோ எடுக்கிறேன்னு நிக்காதீங்க, வந்த வழியிலயே காலடியப் பாத்து திரும்பிருங்க. நீங்க நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அந்த முட்டை வெயில்ல வேகுது, நீங்க போனதும் காக்கா வரும்.

சாயங்காலம் பூனைப்பருந்து. புரட்டாசி ஐப்பசிலருந்து மத்திய ஆசியாப் பக்கம் இருந்து வந்து, மாசி பங்குனி வரைக்கும் இங்க இருக்கும். உளுந்து, பாசிப்பயறு, மல்லி போட்ட கரிசக்காட்டுக்கு மேல ரொம்பத் தாழ்வா, ரெக்கைய வி மாதிரி தூக்கி வச்சுக்கிட்டு மிதந்து போகும், ராத்திரி புல்லுத் தரைல கூட்டமா அடையும். ஆண் சாம்பல், பெண் பழுப்பு, வால் தொடங்குற இடத்துல வெள்ளைத் திட்டு. பெண்ணுல எது எந்த வகைன்னு பிரிக்கிறது பழகுனவங்களுக்கே தகராறு, அதனால பூனைப்பருந்து, பெண், வகை தெரியலைன்னு எழுதிட்டு போங்க. தெரியலைன்னு எழுதுறது ஒரு குறை கிடையாது, அடிச்சு விடுறது தான் குறை.

கம்மாய், குளம்

எல்லாரும் இங்க தான் ஆரம்பிப்பாங்க, நான் மூணாவதா வைக்கிறேன், ஏன்னா கம்மாய்ல ஒரே நேரத்துல இருபது முப்பது வகை நிக்கும், புதுசுக்கு தலை சுத்தும். கரைலருந்து உள்ள போற வரிசைல பிரிச்சு பாத்தா சுலபம். கரைச் சேத்துல உள்ளான், வாலாட்டி, ஆள்காட்டி. கணுக்கால் தண்ணில செக்கச்சிவந்த நீளக் காலோட நெடுங்கால் உள்ளான், மடையான், கொக்கு. முழங்கால் தண்ணில நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். கரண்டிவாயன் மூக்கை லேசா தொறந்து தண்ணிக்குள்ள விட்டு இடமும் வலமுமா அலசிக்கிட்டே நடக்கும், அது ஒண்ணு போதும் அடையாளத்துக்கு. ஆழத்துல நாமக்கோழி, முக்குளிப்பான், வாத்து, கூழைக்கடா. தண்ணிக்குள்ள நிக்கிற கருவேல மரத்துல நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ரெக்கைய விரிச்சு காயப்போட்டுக்கிட்டு இருக்கும். மடையான் பறக்கிற வரைக்கும் சேத்து நிறம், பறந்தா பளீர்னு வெள்ளை, இது மொதல் தடவை எல்லாரையும் ஏமாத்தும்.

கம்மாய்க்கு காலைல கிழக்குக் கரைலருந்து பாருங்க, வெயில் பின்னால இருக்கும். கரை மேல நின்னா உங்க உருவம் வானத்துல தெரிஞ்சு எல்லாம் கிளம்பிரும், சரிவுல கொஞ்சம் இறங்கி ஒரு பனைமரத்தையோ வேலியையோ ஒட்டி உக்காந்திருங்க. பளிச்சுன்னு வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்குன காக்கி, பச்சை, பழுப்பு எதுனாலும் சரி.

எந்த மாசத்துல என்ன

நம்ம பக்கம் கணக்கு வடகிழக்குப் பருவமழைய வச்சுத் தான். புரட்டாசி கடைசிலருந்து வலசை வர ஆரம்பிக்கும், தகைவிலான், வாலாட்டி, பூனைப்பருந்து எல்லாம். ஐப்பசி கார்த்திகைல மழை பெஞ்சு கம்மாய் நிறைஞ்சா மார்கழி, தை, மாசி மூணும் உச்சம். சூறைக்குருவி இந்த மாசங்கள்ல தான் கூட்டம் கூட்டமா வரும், ரோஸ் கலர் உடம்பு, கருப்புத் தலை, சோளக்காட்டுலயும் ஆலமரத்துலயும் ஒரே இரைச்சலா இருக்கும், சாயங்காலம் அடையப் போறதுக்கு முன்னாடி ஆயிரக்கணக்குல சேந்து வானத்துல சுழலும். பங்குனி சித்திரைல கிளம்பிரும். தண்ணி வத்த வத்த மிச்சம் இருக்கிற குட்டைல மீனும் பறவையும் நெருக்கிக்கிட்டு நிக்கும், அதனால மாசி பங்குனில வத்துன கம்மாயை வெறும் கம்மாய்னு விட்டுறாதீங்க. சித்திரைக்கு அப்புறம் வலசை இல்லைன்னாலும் உள்ளூர்ப் பறவை கூடு கட்டுற நேரம், தூக்கணாங்குருவி பனைல, ஈச்சைல, கிணத்துக்குள்ள தொங்குற கிளைல நெய்யும். ஆனி ஆடில காத்து அடிக்கும், அந்த ரெண்டு மாசம் ஓடைக்குள்ளயும் தோப்புலயும் பாருங்க, பொட்டல்ல மண்ணு தான் கண்ணுல விழும்.

போன்ல என்ன வேணும்

மெர்லின், இபேர்ட்னு ரெண்டு ஆப், ரெண்டும் அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டியோட பறவை ஆய்வகம் நடத்துறது, ரெண்டும் இலவசம். மெர்லின்ல தென்னிந்தியாவுக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபைல டவுன்லோட் பண்ணிக்கோங்க, காட்டுல சிக்னல் இருக்காது. சத்தத்தைக் கேட்டு பேரு சொல்ற வசதி அதுல இருக்கு, நல்லாவே சொல்லும், ஆனா அது சொன்னதை அப்படியே லிஸ்ட்ல ஏத்தாதீங்க. கரிச்சான் மிமிக்ரி பண்ணா அதுவும் ஏமாறும். அது பேரு சொன்னா அந்தத் திசைல பாத்து கண்ணால உறுதி பண்ணிட்டு எழுதுங்க.

இபேர்ட்ல நீங்க பாத்ததை லிஸ்ட்டா போடணும், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எது எத்தனை. காக்கா மைனா எல்லாம் எதுக்குன்னு விட்டுறாதீங்க, அடையாளம் தெரிஞ்ச எல்லாத்தையும் போட்டா தான் அது முழு லிஸ்ட், ஆராய்ச்சிக்கு அது தான் உபயோகம். எண்ணிக்கை தெரியாட்டி எக்ஸ் போடலாம், ஆனா தோராயமா ஒரு நம்பர் போடுறது அதை விட நல்லது. பத்து பத்தா எண்ணப் பழகுங்க, ஒரு பத்து எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு பாத்து அதை வச்சு மொத்தக் கூட்டத்தை அளக்கணும்.

ஆப்பை விட பெரிய தகவல் களஞ்சியம் ஆடு மேய்க்கிறவங்க. காலைலருந்து இருட்டுற வரைக்கும் பொட்டல்லயே நிக்கிறவங்க அவங்க தான். அண்ணே, இங்க கல்கவுதாரி தண்ணிக்கு வருமான்னு கேட்டா, எந்தக் குட்டைக்கு எத்தனை மணிக்கு வரும்னு சொல்லிருவாங்க. பெரியவங்களா இருந்தா ஐயான்னு கூப்பிட்டு பைனாகுலரை குடுத்து பாக்கச் சொல்லுங்க, அடுத்த தடவை அவங்களே கூப்பிட்டு காட்டுவாங்க.

ஜாக்கிரதையா இருக்க வேண்டியது

ஷூ போடுங்க, ரப்பர் செருப்பு வேண்டாம். வேலிக்காத்தான் முள்ளு செருப்பைத் துளைச்சு காலுக்குள்ள போகும், அதோட கல்லுக்காட்டுல சுருட்டை விரியன் உண்டு. கல்லைப் புரட்டாதீங்க, புதருக்குள்ள கைய விடாதீங்க. கரிசக்காட்டுக்குள்ள மழைக்கு மறுநாள் போகாதீங்க, ஒவ்வொரு காலுலயும் ரெண்டு கிலோ மண்ணு ஏறும், பைக்கு மட்கார்டுல அடைச்சு நடுக்காட்டுல நின்னுரும். தண்ணி ரெண்டு லிட்டர், தொப்பி, அவ்வளவு தான்.

அடுத்தவங்க புஞ்சைக்குள்ள கேக்காம இறங்காதீங்க, வரப்புல நடங்க. காத்தாலை, சோலார் காம்பவுண்டு பக்கம் நின்னா வாட்ச்மேன் வந்து விசாரிப்பாரு, நோட்டைக் காட்டி பேசுனா போயிருவாரு. ஆனா விஜயநாராயணம் பக்கம் போறவங்க கவனம், அங்க ஐஎன்எஸ் கட்டபொம்மன் கடற்படைத் தளம் இருக்கு, கூடங்குளம் பக்கம் அணுமின் நிலையம் இருக்கு. அந்தப் பக்கமா பைனாகுலரையும் கேமராவையும் தூக்கவே தூக்காதீங்க.

போன்ல பறவை சத்தத்தைப் போட்டு வரவழைக்கிறது இப்ப ஃபேஷன் ஆயிருச்சு, கூடு கட்டுற காலத்துல பறவை எதிரி வந்துட்டான்னு நினைச்சு கூட்டை விட்டு ஓடி வரும், அதைப் பண்ணாதீங்க. ஆந்தை அடையுற மரம், கூடு இருக்கிற இடம், கவுதாரி நிறைய இருக்கிற இடம் இதையெல்லாம் லொக்கேஷனோட வெளிய போடாதீங்க. கண்ணி வைக்கிறவங்களும் வலை கட்டுறவங்களும் அதைப் பாக்குறாங்க. கவுதாரி, காடை, கொக்கு பிடிக்கிறதும் விக்கிறதும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், பச்சைக்கிளிய கூண்டுல வளக்கிறதும் தான். கண்ணி வைக்கிறவரைப் பாத்தா தனியா போய் சண்டை போடாம வனத்துறைக்கு சொல்லுங்க.

அப்புறம் எங்க போகலாம்

சொந்த ரோட்டுல ஒரு ஐம்பது பறவை பேரு சொல்ற அளவுக்கு வந்தாச்சுன்னா வெளிய கிளம்பலாம். மொதல்ல கூந்தன்குளம். திருநெல்வேலிலருந்து தெக்க, மூலைக்கரைப்பட்டி வழியா போகணும், 1994-ல சரணாலயம் ஆச்சு, 2022-ல ராம்சார் தலம்னு, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு, அறிவிச்சாங்க. தைலருந்து வைகாசி வரைக்கும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்து மரத்துல மட்டும் இல்லாம ஊருக்குள்ள வீட்டு வாசல் வேப்பமரத்துலயும் கூடு கட்டும், எச்சம் விழும், மீன் நாத்தம் அடிக்கும், ஊர்க்காரங்க அதைப் பொறுத்துக்கிட்டு தீபாவளிக்கு வெடி கூட போடாம இருக்காங்க. இமயமலையத் தாண்டி வர்ற பட்டைத்தலை வாத்தும் இங்க வரும், தலைக்குப் பின்னால ரெண்டு கருப்புப் பட்டை இருக்கும்.

ராமநாதபுரம் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை எல்லாமே கம்மாய் சரணாலயங்கள், மழை பெஞ்ச வருஷம் மட்டும் போங்க, காஞ்ச வருஷத்துல வெறும் மண்ணு தான். தூத்துக்குடி ரோட்டுல வல்லநாடு வெளிமான் சரணாலயம், உடைமரக் காட்டுப் பறவைக்கு நல்ல இடம், வனத்துறை அனுமதி வாங்கிட்டுப் போகணும். மதுரைக்குப் பக்கத்துல அரிட்டாபட்டி, பாறை மலையும் கம்மாயும் சேந்த இடம், தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம், லக்கர் வல்லூறு மாதிரி பாறைல அடையுற வேட்டைப் பறவைக்குப் பேர் போனது.

தனியா பாத்து அலுத்துப் போச்சுன்னா கணக்கெடுப்புல சேருங்க. பொங்கல் லீவுல நாலு நாள் தமிழ்நாடு பூரா பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், எங்க இருந்தும் பதினஞ்சு நிமிஷம் பாத்து இபேர்ட்ல போட்டா போதும், பாட்டி வீட்டு மாடிலருந்து கூட பண்ணலாம். தை மாசம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011-லருந்து நடக்குது, நெல்லை, தென்காசி, தூத்துக்குடி குளங்களுக்கு குழு குழுவா பிரிச்சு அனுப்புவாங்க, ஒவ்வொரு குழுவுலயும் நல்லாத் தெரிஞ்சவங்க ஒருத்தர் இருப்பாங்க. வனத்துறையும் நீர்ப்பறவைக்கு ஒண்ணு, நிலப்பறவைக்கு ஒண்ணுன்னு கணக்கெடுப்பு நடத்தி தன்னார்வலர்களைச் சேத்துக்குவாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதேன்னு தயங்க வேண்டாம், ஒவ்வொரு குழுவுக்கும் நோட்டுல எழுதுறதுக்கு ஒரு ஆள் எப்பவும் தேவைப்படும், மொத வருஷம் அந்த வேலைய கேட்டு வாங்கிக்கோங்க. அவங்க பேரையும் எண்ணிக்கையும் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே, எதை வச்சுண்ணே அப்படிச் சொல்றீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கலாம், ரெண்டு குளம் முடியுறதுக்குள்ள கிளுவை வாத்துக்கும் ஊசிவால் வாத்துக்கும் வித்தியாசம் சொல்லிருவீங்க.